பகுதிப் பீடை

என்னைவிட மூன்று மாதம் இளையவளான என் சின்னம்மா ரோஸ்லினுக்கு,

கோவில் மலரில் உன் படத்துக்குக் கீழே போட ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "அன்பின் உருவமே, பண்பின் சிகரமே" என்று தொடங்கினேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது கேட்ட மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு உனக்கே நேரடியாக எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

நாளைக்குக் கெமிஸ்ட்ரி. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவைதான் தோற்றலாம் என்பது உனக்குத் தெரியும். எனக்கு இது மூன்றாவது. மூன்று பாடத்தையும் ஒரே தடவையில் பாஸ் பண்ணினால் கல்வியியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் இந்தத் தோட்டத்து ரப்பர் மரங்களோடுதான் என் காலம். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறேனே என்று திட்டாதே. சமநிலைக் கணக்கை நான் என்றைக்கு உன்னிடம் பேசாமல் செய்திருக்கிறேன்?

மற்றவர்களுக்காக நீ யார் என்று சொல்லியாக வேண்டும். நீ என் அம்மாவின் கடைசித் தங்கை. தாய் தகப்பன் இல்லாத உன்னை அம்மாதான் தூக்கி வளர்த்தாள். ஒரு பக்கம் தங்கை, ஒரு பக்கம் மகள், இரண்டும் கைக்குழந்தை. ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் இருந்தோம். "சின்னம்மான்னு கூப்பிடுடி, வா போன்னு பேசாத" என்று அம்மா என் தலையில் எத்தனை குட்டு வைத்திருப்பாள்! நீயும் லேசுப்பட்டவளா? பள்ளிக்கூடத்தில் தண்ணீர் போத்தலைத் தூக்க வேண்டும் என்றால் மட்டும் உடனே சின்னம்மா ஆகிவிடுவாய். "பெரியவங்க சொன்னா கேக்கணும்" என்பாய். அந்தப் பெரியவள் என் தோளுக்குத்தான் வருவாள்.

நம் பக்கத்தில் தமிழில் உயர்தரக் கெமிஸ்ட்ரி வகுப்பு கிடையாது. பள்ளியில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அதனால் அவிசாவளைக்குப் போனோம். தெஹியோவிட்டவில் பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது, தொங்கிக்கொண்டே வாய்ப்பாடு சொல்லிப் பார்ப்போம். வகுப்பு சிங்களத்தில், பரீட்சை தமிழில், சண்டை மட்டும் நம் தோட்டத்துப் பேச்சில். எந்தச் சொல் எந்த மொழி என்று கடைசியில் நமக்கே தெரியாமல் போனது.

அப்படி வந்ததுதான் பீடை. வாயுக் கலவையில் ஒவ்வொரு வாயுவும் தன் பங்குக்குக் கொடுக்கும் அமுக்கத்தைப் பகுதியமுக்கம் என்று தமிழில் எழுத வேண்டும். வகுப்பு எடுத்த சேர் சிங்களத்தில் "ஆங்ஷிக பீடனய" என்றார். அமுக்கத்துக்கு அவர்கள் மொழியில் பீடனய. முதல் நாள் அதைக் கேட்டதும் நீ என் விலாவில் இடித்தாய்.

"பீடையாம்டி. நமக்கு முழுப் பீடை. வாயுவுக்குப் பகுதிப் பீடையாம்."

நான் சிரித்த சிரிப்பில் சேர் பலகையில் இருந்து திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றிலிருந்து நமக்குள் அமுக்கம் என்ற சொல்லே செத்துப்போனது. மொத்தப் பீடை, பகுதிப் பீடை, பீடை இரு மடங்கானால் என்ன நடக்கும். லயத்தில் நமக்கிருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நாம் இப்படிக் கத்திப் படிப்பதைக் கேட்டு, பக்கத்துக் காம்பரா அக்கா நமக்கு ஏதோ தோஷம் என்று நினைத்து மந்திரித்த நூல் கொண்டுவந்து தந்தது நினைவிருக்கிறதா? நீ வாங்கிக் கட்டிக்கொண்டாய். "சமநிலைக்கு இது உதவும்" என்று எனக்கு விளக்கம் வேறு.

கணக்குப் போடும் முறையையும் நீ மாற்றி வைத்திருந்தாய். புத்தகத்தில் ஆரம்பத்தில், மாற்றம், சமநிலையில் என்று மூன்று வரி இருக்கும். நீ அதைத் தோட்டத்துக்கு இறக்கினாய். காலையில் ஆட்களை எண்ணும் பெரட்டு முதல் வரி. போனது வந்தது இரண்டாவது வரி. இப்போது நிற்பது மூன்றாவது வரி. நைதரசனின் நிறமில்லாத நாலொட்சைட்டு ஒன்று பெரட்டுக்கு வந்தது. அதில் எக்ஸ் பிரிந்து போனது. ஒன்று பிரிந்தால் பழுப்பு நிற ஈரொட்சைட்டு இரண்டு வரும். ஆக நிற்பது ஒன்று கழித்தல் எக்ஸ், வந்து நிற்பது இரண்டு எக்ஸ், மொத்தத் தலை ஒன்று கூட்டல் எக்ஸ். இவ்வளவுதான் விஷயம். இதைச் சேர் மூன்று கிழமை சொன்னார், எனக்கு ஏறவில்லை. நீ பெரட்டு என்றதும் ஏறிவிட்டது.

அந்த இரண்டு எக்ஸை வர்க்கிக்கும்போது இரண்டையும் சேர்த்து வர்க்கிக்க நான் மறந்துவிடுவேன். நான்கு வர வேண்டிய இடத்தில் இரண்டோடு நின்றுவிடுவேன். "ரெண்டு என்னா பாவம் செஞ்சுச்சு, அத மட்டும் வெளிய விட்டுட்ட?" என்று கேட்பாய். இப்போதும் மறக்கிறேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

நாம் பெரிதாகச் சண்டை போட்டது ஆகன் வாயுவுக்காக. விறைத்த மூடிய பாத்திரம் ஒன்று. உள்ளே வாயுக்கள் சமநிலையில் இருக்கின்றன. யாரோடும் சேராத ஆகனை உள்ளே செலுத்துகிறார்கள். சமநிலைக்கு என்ன நடக்கும்? அமுக்கம் கூடுகிறதே, ஏதாவது ஒரு பக்கம் தள்ளத்தானே வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

"மொத்தப் பீடதான்டி கூடும். அவங்கவங்க பகுதிப் பீட அப்படியேதான் கெடக்கும். ஆகன் யாரு வம்புக்கும் போகாது."

"அவ்வளவு நெரிச்சும் ஒன்னுமே அசையாதா?"

"அசையாது."

"மனுசனா இருந்தா அசைவான்."

"அது வாயுடி. வாழ்க்க இல்ல. கணக்கப் போடு."

அடுத்த கிழமை சேர் அதே கேள்வியைக் கேட்டார். "சமதுலிததாவட மொகத வென்னே?" சமநிலைக்கு என்ன ஆகும் என்கிறார். "கிசி வெனசக் நே, சேர்" என்று எழுந்து நின்று சொன்னாய். ஒரு மாற்றமும் இல்லை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

முதல் தடவை இரண்டு பேரும் கோட்டை விட்டோம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. சேர்ந்து விழுந்தால் வலி தெரிவதில்லை. இரண்டாம் தடவைக்குத்தான் உண்மையாகப் படித்தோம். அப்போதுதான் வெள்ளம் வந்தது. ரோட்டில் இடுப்பளவுக்குச் சேற்றுத் தண்ணீர். வகுப்பை விடக் கூடாது என்று பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீதான் முதலில் இறங்கினாய். உன் குதிகாலில் வெடிப்பு இருந்தது. பிறகு காய்ச்சல். சும்மா காய்ச்சல்தானே என்று இரண்டு பெனடோல் போட்டுக்கொண்டு புரண்டு படுத்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உன் கண் மஞ்சளாகியிருந்தது. எலிக்காய்ச்சல், வெள்ளத் தண்ணீரிலிருந்து வெடிப்பு வழியாக ஏறியது என்றார்கள். சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு அவர்கள் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

அந்தத் தண்ணீரில் நானும்தான் இறங்கினேன் சின்னம்மா. என் காலில் ஏன் வெடிப்பு இருக்கவில்லை?

இரண்டாம் தடவை பரீட்சை மண்டபத்துக்கு எப்படிப் போனேன், எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. வாயுக் கணக்கு வந்தது. நன்றாகவே செய்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. விடைத்தாள் முழுக்கப் பீடை என்று எழுதி வைத்திருக்கிறேன். பகுதியமுக்கம் என்று எழுத வேண்டிய இடமெல்லாம் பகுதிப் பீடை. "ஈரொட்சைட்டின் பீடை", "மொத்தப் பீடை மாறாதிருக்க" என்று அழகாக அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். யாரோ ஒரு பெண் வாயுக்களைச் சபித்திருக்கிறாள் என்றுதான் திருத்தியவர் நினைத்திருப்பார். பஸ்ஸில் எல்லாரும் பார்க்கச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா, "மொகத துவே?" என்று கேட்டார். என்ன மகளே என்று கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

உயிரியலும் பௌதிகமும் பாஸ். கெமிஸ்ட்ரி இல்லை. பீடையால்தான் போனதா, வேறு கணக்கில் போனதா, யாருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு அம்மா உன் புத்தகம், என் புத்தகம் எல்லாவற்றையும் பழைய சேலையில் கட்டி, கூரைக்குக் கீழே விறகு அடுக்கும் அட்டலில் போட்டுவிட்டாள். அவிசாவளை என்ற பெயரையே எடுக்கக் கூடாது. "அந்த வகுப்புக்கு ஒருத்திய குடுத்தாச்சு. போதும்." அதோடு பேச்சு முடிந்தது. அவள் முழங்கால் வீங்கி மலையேற முடியாமல் போனதும் அந்தச் சமயத்தில்தான். தோட்டத்துச் செக்ரோல் பதிவில் பெயர் உள்ள ஆள் ஒருவராவது இருந்தால்தான் காம்பரா நமக்கு. அம்மாவின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டோம். அப்பாவின் காலத்திலிருந்து இருக்கும் காம்பரா, விட்டால் எங்கே போவது?

ஆக உன் அக்காள் மகள் இப்போது பால் வெட்டுகிறாள். விடியும்போது கத்தியோடு மரத்தடியில் நிற்கிறேன். ஒவ்வொரு மரத்திலும் பட்டையைச் சீவி, சிரட்டையைத் துடைத்து வைத்து, அடுத்த மரம். பிறகு வந்த வழியே திரும்பிப் போய்ச் சிரட்டைப் பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோருக்குத் தூக்க வேண்டும். பால் உறையாமல் இருக்க அங்கே அமோனியா ஊற்றுவார்கள். மூக்கு எரிந்து கண்ணில் தண்ணீர் வரும். நைதரசனும் மூன்று ஐதரசனும் சேர்ந்து வந்த வாயு என்று முதல் நாள் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மறுநாள் அதுவும் அலுத்துவிட்டது.

மழை என்றால் இன்னும் மோசம். வெட்டவும் முடியாது, வீட்டுக்குப் போகவும் முடியாது, கொட்டிலில் நிற்க வேண்டும். உன்னிடம் சொல்வதற்கு என்ன, எனக்கு மூச்சு முட்டியது. காலையில் மரம், மதியம் ஸ்டோர், பின்னேரம் அம்மாவின் முகம். மூன்று பேர் இருந்த காம்பராவில் இப்போது இரண்டு பேர். கனவளவு மாறாத இடத்தில் ஆள் குறைந்தால் அமுக்கம் குறைய வேண்டும், அதுதான் விதி. இங்கே கூடிவிட்டது. எந்தச் சேரிடம் போய்க் கேட்பது?

அம்மா புத்தகங்களை மூட்டை கட்டியபோது ஒரே ஒரு பழைய வினாத்தாள் என் பையில் கிடந்தது. அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மரத்துக்கு மரம் கணக்குப் போட்டேன். கத்தி ஒரு பக்கம், எக்ஸ் ஒரு பக்கம். பட்டையில் ஆழமாக வெட்டிவிட்டேன் என்று கங்காணி ஏசினார். மூன்றாம் தடவைக்கான பரீட்சை விண்ணப்பத்தை மட்டும் அம்மாவுக்குத் தெரியாமல் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் லீவு என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. கணக்கப்பிள்ளையிடம் போய் நின்றேன்.

"ஐயா, பரீட்சைக்கு லீவு வேணுங்க. படிக்கவும் கொஞ்ச நாள் வேணுங்க."

"எத்தன நாளு புள்ள?"

"ரெண்டு மாசம் மாதிரிங்க."

அவர் கெட்டவர் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "செக்ரோலுல பேரு இருந்தா பெரட்டுல ஆளு இருக்கணும் புள்ள. ரெண்டு மாசம் ஆளு இல்லன்னா மேல இருந்து காம்பராவக் கேப்பாங்க. நான் என்னா பதில் சொல்ல?"

திரும்பி வரும்போது உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு பேராக இருந்திருந்தால் ஒருத்தி வெட்டியிருப்பாள், ஒருத்தி படித்திருப்பாள். ஏன் சொல்லிக்கொள்ளாமல் போனாய்?

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, வாசற்படியில் உட்கார்ந்து அந்த வினாத்தாளோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"என்னாடி வாய்க்குள்ளயே பேசுற? சத்தமாப் போடு."

தாளை மறைக்கப் பார்த்தேன். "ஒனக்குத்தான் புடிக்காதேம்மா."

"எப்ப புடிக்காதுன்னு சொன்னேன்? ரெண்டு பேரு கத்துற காம்பரா இது. நீ ஒத்தையா உக்காந்து முணுமுணுத்தா, மத்தவ இல்லைங்கிறது எனக்கு நெஞ்சுல இடிக்குது. அதான் கட்டி வச்சேன்."

சொல்லிவிட்டு ஸ்டூலைப் போட்டு ஏறினாள், அந்த முழங்காலோடு. அட்டலில் இருந்து மூட்டையை இறக்கினாள். கரப்பான் எச்சத்தைத் தட்டினாள். என் எதிரே காலை நீட்டி உட்கார்ந்தாள். உன் இடத்தில்.

"அவ என்னா கேப்பா? பாத்திரம் மூடியிருக்கா?"

"மூடியிருக்கும்மா."

"வெறச்ச பாத்திரமா?"

"ஆமா."

"பெரட்டுக்கு எத்தன வந்துச்சு?"

"ஒன்னு."

"போனது?"

"எக்ஸ்."

வருடக்கணக்காக அடுப்படியில் இருந்து கேட்டுக்கேட்டு அவளுக்கு மனப்பாடம் ஆகியிருக்கிறது. ஒன்றும் விளங்காது, வரிசை மட்டும் தெரியும், பூசையில் பதில் சொல்வது போல. அடுத்து கேட்டாள், "அப்ப பீட எவ்வளவு?"

நான் பென்சிலை வைத்துவிட்டேன்.

"அது பீட இல்லம்மா. அமுக்கம்."

"அவ பீடன்னுதானே சொல்லுவா?"

"அது நாங்க வெளையாட்டுக்குச் சொன்னது. போன தடவ பரீட்சையிலயும் அப்படியே எழுதிட்டு வந்துட்டேன்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அமுக்கம்னு எழுதினாத்தான் மார்க்கா?"

"ஆமா."

"அப்ப நானும் அமுக்கம்னே கேக்குறேன். அவ கோவிச்சுக்க மாட்டா."

பிறகு கேட்டாள், "அமுக்கம் எவ்வளவு?" அந்தச் சொல் அவள் வாயில் நுழையவில்லை. இரண்டாம் தடவைதான் சரியாக வந்தது. உன் வாயில் இருந்து வந்த சொல் ஒன்றைக்கூட அவள் இதுவரை விட்டுக்கொடுத்ததில்லை சின்னம்மா. உன் பழைய செருப்பையே இன்னும் விடவில்லை. எனக்காகப் பீடையை விட்டாள். நான் அழுதேன், வெட்கமில்லாமல் சத்தமாகவே அழுதேன்.

அவள் அதோடு நிற்கவில்லை. மறுநாள் கணக்கப்பிள்ளையிடம் போய் மறுபடி தன் பெயரைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஒனக்கு மொழங்கால் வீங்குமேம்மா."

"வீங்கட்டும். காம்பராவும் நிக்கணும், நீயும் போகணும். வேற வழி இருந்தா சொல்லு."

இருந்தால்தானே சொல்ல! அவள் கால் நோகாமல் எனக்குப் படிப்பு இல்லை. நான் படிப்பை விட்டால் அவள் மனம் நோகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்மாதான் நிற்கிறாள். இந்தத் தோட்டத்தைவிட்டு வெளியே போகிற வழிகூட அவள் முதுகின் மேலாகத்தான் போகிறது. இதை விடுதலை என்று சொல்லச் சொல்கிறாயா?

இந்த இரண்டு மாதமும் என் மரங்களை அவள்தான் வெட்டுகிறாள். பௌதிகப் பரீட்சை அன்று விடியற்காலையில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வெளியே வந்தோம். கதவைப் பூட்டினேன். நான் ரோட்டுக்கு இறங்கினேன், அவள் மேலே ஏறினாள். கீழேயிருந்து திரும்பிப் பார்த்தபோது ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு நோகும் காலை இழுத்து வைத்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும் நொண்டுவதை நிறுத்திவிட்டு நேராக நடக்கப் பார்த்தாள். பஸ் வந்துவிட்டது.

நேற்று அவள் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கணக்குச் சொன்னேன். தூக்கக் கலக்கத்திலும் கேள்வி ஒன்றைக்கூட விடவில்லை. வர்க்கிக்கும் இடத்தில் நான் மறந்ததை மட்டும் அவளால் பிடிக்க முடியவில்லை. நானே பிடித்தேன்.

சின்னம்மா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். முடிவு வருகிற அன்று அவள் கையில் இருந்து அந்தப் பால் வெட்டும் கத்தியை வாங்கிவிடுவேன். பாஸானால் வாங்கிக் கொண்டுபோய் ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு, காம்பரா போனாலும் போகட்டும் என்று அவளையும் கூட்டிக்கொண்டு நான் படிக்கும் ஊருக்குப் போவேன். பாஸாகாவிட்டாலும் வாங்குவேன். அப்போது அதை நான்தான் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அக்காவைப் பார்த்துக்கொள்ளும் அக்காள் மகள்,
ஸ்டெல்லா